கடைசி ரீல் இல்லாத பேய்

கல்லில் நார் உரிக்கச் சொன்னால்கூட உரித்துவிடுவேன். என் தங்கை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு பழைய பேய்ப்படத்தை நிம்மதியாகப் பார்த்து முடிப்பது மட்டும் என்னால் ஆகாது.

படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிடுவார். "பாத்தியாக்கா? மெழுகுவத்தி மொதல்ல முழுசா இருந்துச்சு, அப்பால பாதியாச்சு, இப்ப மறுபடியும் முழுசா கீது." ஆமாம் மாப்ள, அதை ஒரு நாள் எடுத்திருப்பார்கள், இதை ஒரு நாள் எடுத்திருப்பார்கள், ஓட விடுங்கள் என்பேன். ஓட விடுவார். வௌவால் வரும். மறுபடி நிறுத்துவார். வௌவாலைக் கட்டின நூல் தெரிகிறதாம். நூல் தெரியாவிட்டால் அந்த வௌவாலில் என்ன ருசி? எனக்கும் அந்த நூல் பிடிக்கும். சாம்பிராணிப் புகையில் செய்த மூடுபனி, அப்பின முகமாவு, ஒரே அட்டை மாளிகையை நாலு படத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவது, எல்லாமே எனக்கு உயிர். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு ரசிக்கிறவள். இவர் ஸ்பேனரோடு வந்து உட்காருகிறவர். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஆயுசு முழுக்க மெஷினைப் பிரித்துப் பூட்டிய மனுஷன், படத்தையும் பிரித்துப் போடாமல் விடமாட்டார்.

என் வீடு ராயபுரத்தில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டைப் அடித்து, பிறகு கம்ப்யூட்டர் தட்டி, ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு யாரும் விளக்கம் கேட்க வேண்டாம். தங்கையும் அவரும் விம்கோ நகரில். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். சாப்பாடு முடிந்ததும் பேய்ப்படம். முன்பு டெக்கில் கேசட், அப்புறம் சிடி, இப்போது போனிலிருந்து டிவிக்கு. சோபாவில் அந்த ஓரம் அவர், இந்த ஓரம் நான், நடுவில் தங்கை, அவள் மடியில் உரிக்கிற பூண்டுத் தட்டு.

தங்கை ஒரு பேயைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. வயலின் இழுக்க ஆரம்பித்ததுமே முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வாள். "போய்டுச்சா?" என்பாள். "இன்னும் கீது," என்பார் அவர். "போய்டுச்சா?" "கீது, கீது." போன பிறகும் கீது என்பார். இப்படி ஏமாற்றியே பாதிப் படம் அவளை இருட்டில் வைத்திருப்பார். அப்புறம் எதற்கடி வந்து உட்காருகிறாய் என்று கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களே, யாரு வெலக்கி வுடறது?" என்பாள்.

சண்டை பெரும்பாலும் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான். கறுப்பு வெள்ளை. மலை மேல் பங்களா, மனைவியைப் பறிகொடுத்த எஸ்டேட் முதலாளி, அவருக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. செத்துப்போன மனைவி வெள்ளைப் புடவையில் வந்துகொண்டே இருப்பாள். மகா படம் என்று சொல்லமாட்டேன். பாட்டு சுமார், காமெடி படுமட்டம். ஆனால் எங்கள் வயசில் எங்கள் பக்கம் பயந்தவர்கள் எல்லோரும் அதற்குத்தான் பயந்தோம். நான் ராயபுரத்தில் தங்கையோடு போய்ப் பார்த்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து பேயின் தலைமுடியைப் பிடித்து இழுப்பார், சவுரி கையோடு வந்துவிடும். பேயுமில்லை, பிசாசுமில்லை. சொத்துக்காக மேனேஜரோடு கூட்டுச் சேர்ந்த, முதலாளியின் சித்தப்பா மகள். இதுதான் முடிவு.

அவர் பார்த்தது திருவொற்றியூரில். அவர் சொல்லும் படத்தில் முதலாளி கையெடுத்துக் கும்பிடுவார், பேய் விளக்கோடு மாடிப்படி ஏறிப் போய் மறையும், திரையில் வணக்கம். இன்ஸ்பெக்டரே கிடையாது. தங்கைக்குக் கல்யாணமான புதிதில் இதைக் கேட்டபோது, இந்த ஆள் வேறு ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்தேன். அவருடைய கம்பெனி ஆட்களைக் கேட்டால் அத்தனை பேரும் அதே மாடிப்படியைச் சொன்னார்கள்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அந்தத் தியேட்டரில் காலைக் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செகண்ட் ஷிப்டுக்காரர்கள். ரெண்டு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். நீளமான படம் வந்தால் ஆபரேட்டர் கடைசி ரீலைப் போடவே மாட்டாராம். நடுவில் வெட்டினால் சண்டையைக் காணோம், பாட்டைக் காணோம் என்று விசில் அடித்து சீட்டைக் கிழிப்பார்கள். கடைசியில் வெட்டினால் எவனுக்கும் தெரியாது, எல்லோரும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இப்படியாக ஒரு ஊரே அந்தப் பேயை நிஜம் என்று நம்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறது.

"ஒனக்குப் படமே முடியல மாப்ள," என்பேன். கோபம் வந்தால் என் மரியாதை எல்லாம் பறந்துவிடும். "வணக்கம் போட்டாங்கோ, நான் பாத்தேன்." "அது ஆபரேட்டர் போட்ட சிலைடு!" "எங்க ஊரு பேய் மெய்யாலுமே பேய்தாங்க்கா. உங்க ராயபுரத்துலதான் டூப்ளிகேட்டு." தங்கையைச் சாட்சிக்கு இழுப்பேன். நீயும்தானே என்னோடு வந்தாய், சொல்லித் தொலையேன். அவள் பூண்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எங்க பாத்தேன், கண்ண மூடிகினு இல்ல இருந்தேன்," என்பாள். எங்களுக்குக் கிடைத்த ஒரே கேசட்டும் முக்கால் படத்தில் கோடு விழுந்து நின்றுவிடும். வழக்கு தீராமலே இழுத்துக்கொண்டு கிடந்தது.

போன மழைக்காலத்தில் தங்கை போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அவர் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அழவில்லை. ஜன்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விம்கோ நகரில் சாயங்காலம் காற்று திரும்பினால் சமையலறை ஜன்னல் வழியாகத் தூசும் வாடையும் வீடு பூராவும் வந்துவிடும். நேரம் பார்த்து அதைச் சாத்துவது தங்கையின் வேலை. இவர் ஜென்மத்தில் சாத்தினதில்லை. இப்போதும் திறந்து போட்டுவிட்டுத்தான் படுக்கிறாராம். காலையில் எழுந்து பார்த்தால் சாத்தியிருக்கிறதாம்.

"காத்துல சாத்திகினு இருக்கும்."

"கொக்கி மாட்டுமாக்கா காத்து?"

"தூக்கக் கலக்கத்துல நீயே மாட்டியிருப்ப."

"இத்தினி வருசமா முழிச்சுகினு இருக்கும்போதே மாட்டாதவன், தூங்கிகினு மாட்டுவேனா?"

இந்த மனுஷனிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அதுவும் அவர் சொன்னது நியாயமாக வேறு இருந்தது.

அவர்கள் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்குப் போன் போட்டு அழுதாள். அப்பா பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார், எதிர்வீட்டுக்காரர்கள்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். தன்னோடு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். "அம்மா வந்துபோற வூட்ட எப்படிப் பூட்டிட்டு வர்றதுன்னு கேக்கறாரு பெரிம்மா. நீங்கதான் அவரக் கெளப்பணும். இன்னொரு வாட்டி விழுந்தா யார் பாப்பாங்க?"

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. அவர் விழுந்ததற்குப் பாதி ஆத்திரம் என்றால், மீதி வேறு. நான் இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் என் தங்கை. வருகிறவள் என்னிடம் வராமல், ஜன்னல் சாத்த இவரிடம் வருகிறாளாம்.

அந்த வாரம்தான் போனில் அந்தப் படம் அகப்பட்டது. யாரோ புண்ணியவான் முழுப் படத்தையும் ஏற்றியிருந்தான். நேராகக் கடைசிக்கு ஓட்டினேன். இன்ஸ்பெக்டர், சவுரி, சித்தப்பா மகள், எல்லாம் அப்படியே இருந்தது. ஆஹா, வசமாக மாட்டினீர் மாப்ள என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சவுரி கழன்று விழுந்தால் இந்த ஜன்னல் கொக்கியும் கழன்று விழும், ஆளைப் பெங்களூருக்கு ரயிலேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பைத்தியக்காரக் கணக்குதான். ஆனால் பேய்ப்படம் தவிர வேறு எதைப் பேசினாலும் அவர் மண்டையில் ஏறாது.

ஞாயிறு மீன் பையோடு மெட்ரோவில் போய் இறங்கினேன். நானே குழம்பு வைத்தேன். பூண்டு போட்ட தட்டை அவர் சோபாவின் நடுவில் கொண்டுவந்து வைத்தபோது ஒரு அறை விடலாம் போல இருந்தது. அன்றைக்கு ரிமோட் என் கையில். படம் ஓடியது. மெழுகுவத்தி, வௌவால், நூல், எதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நிறுத்தச் சொல்லித் தொலையேன் என்று கத்தாத குறை.

மாடிப்படி வந்தது. பேய் விளக்கோடு ஏறிப் போயிற்று. அவருடைய படம் முடிகிற இடம் அதுதான். இங்கேயே அணைத்துவிட்டால் என்ன, பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விரல் பொத்தானுக்குப் போனது. அவர் வாசலில் விழுந்து கிடந்தது ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார். முடியைப் பிடித்தார். சவுரி வந்தது. நிஜ வணக்கம் வந்தது.

"இப்ப இன்னா சொல்ற?"

"சவுரிதான்," என்றார்.

"ஒத்துகினியா?"

"ஒத்துகினேங்க்கா. அது சித்தப்பா பொண்ணுதான்."

வாழ்நாள் வழக்கில் ஜெயித்துவிட்டேன். ஒரு சொட்டு சந்தோஷம் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "குந்துக்கா," என்றார். "கொஞ்சம் பின்னால ஓட்டு. கொழந்தைக்கு ஜொரம் வர்ற எடம்."

ஓட்டினேன். குழந்தை முனகுகிறது. வெளியே மழை. வெள்ளைப் புடவை வருகிறது, முகம் தெரியவில்லை. நெற்றியில் ஈரத்துணி வைக்கிறது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறது. அந்தப் படத்தில் வயலின் இல்லாத ஒரே பேய்க் காட்சி. அடுத்து ரயிலடி. அதே மழையில் சித்தப்பா மகள் மேனேஜரிடம் சொல்கிறாள்: இன்றைக்கு நான் பங்களாவுக்குப் போகப்போவதில்லை, குழந்தைக்கு ஜுரமாம், எல்லோரும் விழித்திருப்பார்கள். முடிவு தெரியாமல் கேட்டால் ஏதோ சொந்தக்காரர் வீட்டுப் பேச்சு போலத்தான் இருக்கும்.

"அவ இங்க ரயில்வே ஸ்டேஷன்ல கீறா," என்றார். "அப்ப அங்க ஜன்னல சாத்தனது யாரு?"

"எடிட்டர் மாத்தி ஒட்டியிருப்பான்."

"அவளே சொல்றாளே, போவலன்னு."

மறுபடி ஓட்டினேன். அதையே மறுபடியும். கடைசிக்குப் போய் இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். சலங்கைச் சத்தத்துக்கு விளக்கம் சொல்கிறார், ஆடின ஊஞ்சலுக்குச் சொல்கிறார், பாலில் கலந்த மருந்துக்குச் சொல்கிறார். ஜன்னலைப் பற்றி மூச்சு விடவில்லை. கதை எழுதினவன், எடுத்தவன், வெட்டினவன், அத்தனை பேரையும் வாய்விட்டுத் திட்டினேன். ஒரு ஜன்னலுக்குப் பதில் வைக்கத் துப்பில்லாமல் என்னய்யா படம் எடுத்தீர்கள்?

"அந்த எடத்துல மட்டும் அவ முந்தானைய எடுத்துட்டுப் பாப்பா," என்றார். "கேசட்டுலயும் அது வருமில்ல? போய்டுச்சான்னு ஒரு வாட்டிகூட கேட்டதில்ல."

எனக்கு அது தெரியாது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். பெண்ணிடம் போகச் சொல்லி நான் பிடித்த பிடியை விடவில்லை. விழுந்தால் யார் தூக்குவது, அந்தப் பெண் அங்கே வேலை பார்ப்பாளா, உன்னை நினைத்து அழுவாளா என்று கத்தினேன். கடைசியில் தலையை ஆட்டினார். "போறேன். ஆனா வூடு பூட்டிகினு கெடக்கக் கூடாது. நீ வந்து இரு. ஒனக்குதான் பேய் பிசாசு நம்பிக்கை இல்லியே, இன்னா பயம்?"

எனக்கு ராயபுரத்தில் வீடு இல்லையா, வேறு வேலை இல்லையா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். இப்போது விம்கோ நகரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவர் பெங்களூரிலிருந்து தினமும் காலையில் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "ஜன்னல் சாத்தி கீதாக்கா?" எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது, காற்று திரும்பிவிட்டது, மேஜையெல்லாம் தூசு, தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கொக்கி இருக்கிறது. நான் சாத்தவில்லை.