என் காரை நலம் விசாரிப்பவர்

கோத்தா திங்கி முத்தையா என்னை எங்கே பார்த்தாலும் முதலில் என் காரின் நலத்தைத்தான் விசாரிப்பார். ஜொகூர் மாநிலத்திலேயே அந்தக் கம்பெனி செய்த கார் எங்கள் இருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கப்பலேறி வந்த ஊரில் இப்படியும் ஒரு பாசமா என்று நெகிழ்ந்திருக்கிறேன்.

இன்று அந்தக் காரைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று கார்க் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சிரித்தார்.

"அலமாக்! இத முத்தையாவ விட்டா யாருங்க வாங்குவாங்க? அவரு காருக்குச் சாமான் கிடைக்கல லா. உங்க கார் எப்ப படுக்கும், கழட்டிக்கலாம்னு வாராவாரம் வந்து கேக்குறாரு."

முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றி என் காரைக் கிளப்பி, அதிலேயே வீடு திரும்பினேன்.

கோத்தா திங்கிப் பக்கம் போகிறவர்கள், அவர் காரின் ஹாரன் இன்னும் அலறுகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். என்னுடையது போன மாதமே ஊமையாகிவிட்டது.