பதினாலாவது வளையம்

லஸ் முனையில் டிராம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு மாட்டு வண்டி தண்டவாளத்தை விட்டு நகரவில்லை. எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, மடியில் நோட்டு.

குவாண்டம் இயற்பியலில் ஆபரேட்டர் என்பது எண்களை அடுக்கிய சதுரம், மேட்ரிக்ஸ். இரண்டைப் பெருக்கும்போது எது முன்னால் என்பது முக்கியம். ஆனால் பெருக்கி முடித்து மூலைவிட்ட எண்களை மட்டும் கூட்டினால், அந்த ட்ரேஸில், கடைசி மேட்ரிக்ஸை முன்னால் கொண்டுவந்தாலும் விடை மாறாது. வகுப்பில் எழுதிக்கொண்டதுதான். அன்றைக்குத்தான் உறைத்தது: இது வரிசையே இல்லை, வளையம். நாலு இடம், இரண்டு வகை மேட்ரிக்ஸ்: பதினாறு வரிசை. நாலு விதமாகச் சுற்றலாம். பதினாறை நாலால் வகுத்தால் நாலு வளையம். இறங்கி சாந்தோமில் இருந்த சிநேகிதன் வீட்டுக்கு ஓடினேன்.

யுத்தத்தில் கப்பலில் புத்தகம் வருவதில்லை. இப்படிச் சுற்றுவதையும் இடம் மாற்றுவதையும் கணக்காக்கும் குரூப் தியரிக்குக் கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே புத்தகம் அவனிடம்; திங்கட்கிழமை திருப்பவேண்டும். "உனக்கு அது எதுக்குன்னு காட்டு, தர்றேன். தலைக்கு வச்சுத் தூங்கறதுக்கு இல்ல நைனா" என்றிருந்தான். அன்று வெள்ளி.

அவன் அக்கா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர். பிள்ளைகளின் அறுந்த ஜெபமாலைகளைக் கோத்துக்கொண்டிருந்தவள், நான் சொன்னதைக் கேட்டுக் கறுப்பும் வெள்ளையுமாக மணிகளை நாலு நாலாக மேஜையில் வட்டமாக வைத்தாள்.

"நாலுன்னியே தம்பி. ஆறு இருக்கே."

"கணக்கு ஆனர்ஸு, எண்ணத் தெரில," என்றான் அவன். "போய் நடந்துட்டு வா."

அடையாறு பாலம் வரை வெயிலில் நடந்தேன். கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளை என்ற வளையம் இரண்டு இடம் நகர்ந்தாலே பழையபடி ஆகிவிடுகிறது. பதினாறில் அது இரண்டு தடவைதான் வரும். அதையும் நாலால் வகுத்தது என் அவசரம். வளையத்தை விட்டுவிட்டுச் சுற்றல்களைக் கேட்கவேண்டும்: உன்னால் அசையாத வரிசை எத்தனை? நகர்த்தாமலே விட்டால் பதினாறு, ஓரிடம் நகர்த்தினால் இரண்டு, இரண்டு இடம் என்றால் நாலு, மூன்று இடம் என்றால் இரண்டு. கூட்டினால் இருபத்துநாலு. வகுத்தால் ஆறு.

அதே கணக்கில் ஆறு மணி கோத்தால் பதினாலு வளையம். வந்து சொன்னேன். அக்கா வைத்துப் பார்த்தாள்.

"பதிமூணுதான். இதைக் கவிழ்த்துப் போட்டா அதுதானே?"

"மாலைக்குச் சரி அக்கா. ட்ரேஸைப் பின்னாலேர்ந்து எழுதினா வேற விடை வரணும்."

"போட்டுக் காட்டு," என்றான் அவன்.

சுருக்கமாக முடியட்டும் என்று இரண்டுக்கு இரண்டு சதுரங்களை எடுத்தேன். அக்கா காட்டிய வளையத்தை முன்னாலிருந்து பெருக்கினாலும் பின்னாலிருந்து பெருக்கினாலும் ஒரே விடை. எண்களை மாற்றினேன். மறுபடி ஒரே விடை. அவன் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மூன்றுக்கு மூன்று சதுரத்தில் போட்டேன். விடைகள் வேறு வேறு. அவன் தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தான்.

"எடுத்துக்கினு போ. திங்கக்கெழம காலைல வரல, உங்க வாசல்ல நின்னு கத்துவேன்."

புத்தகம் கையில் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டுக்கு இரண்டு சதுரம் விடமாட்டேன் என்கிறது. சதுரம் சின்னதானால் சில ட்ரேஸ்கள் ஒன்றாகிவிடுகின்றன. எவை, எத்தனை என்று சுற்றல்களை மட்டும் கேட்டால் தெரியாது. மேட்ரிக்ஸ்களை எல்லா விதமாகவும் இடம் மாற்றும் முழு குரூப்பையும் கேட்கவேண்டும் போலிருக்கிறது. அந்த குரூப்பை மேட்ரிக்ஸ்களாக எழுதும் விதங்களை, அதன் ரெப்ரசென்டேஷன்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டப் படமாக வரைந்திருக்கும் அத்தியாயம் நடுவில் வருகிறது. முதல் பக்கங்களைத் தாண்டி நேரே அங்கே போகிறேன். இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் இடம் இல்லாத, இரண்டு வரிசைக்கு மேல் போகும் கட்டப் படங்களை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.