கண்டக்டர் நடந்த தூரம்

ஒரே பாடத்தைப் பத்தொன்பது வருடம் நடத்தினால் வாய் தானாகவே பேசும். பதினொன்றாம் வகுப்பில் சார்புத் திசைவேகம் வந்தால் போர்டில் ஒரு பஸ் வரைவேன், உள்ளே ஒரு கண்டக்டர். பஸ் முன்னால் போகிறது, அவர் பின்னால் நடக்கிறார். சீட்டில் இருப்பவருக்கு அவர் பின்னால் போகிறார். ரோட்டில் நிற்பவருக்கோ அவரும் முன்னால்தான் போகிறார். சாக்பீஸைக் கீழே வைத்தால் போதும் என்றிருக்கும் எனக்கு.

என் கணவரும் கண்டக்டர்தான். சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரி போய்த் திரும்புகிற வண்டி. சித்திரையில் அவருக்குக் கால் வீங்கியது. லீவு நாளில் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"டெய்லி நடக்கிற பழக்கம் உண்டா அண்ணாச்சி?" என்று டாக்டர் கேட்டார்.

"நடக்கதுக்கு எங்க சார் நேரம்? காலைல ஏறுனா நாள் பூரா பஸ்லதான் போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். தினமும் தூரத்து ஊருக்குப் போய்வரும் ஆபீஸ்காரர் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து டூட்டி முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ரதவீதியைச் சுற்றப் போவார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுரட்டுமா?" என்பார். "டாக்டர் சொல்லியிருக்காருல்லா, போயிட்டு வாங்க" என்று விரட்டுவேன். நானே நோட்டுத் திருத்தி அலுத்துப்போய் இருப்பேன். கெஞ்சவெல்லாம் தெம்பு கிடையாது. வீக்கம் முழங்கால் வரை ஏறியது.

போன வாரம் வகுப்பில் வழக்கம்போல விடையை எழுதிவிட்டுத் திரும்பினேன். மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், அந்தக் கண்டக்டர் தன் காலால எவ்வளவு தூரம் நடந்திருப்பாரு? அடுத்த ஸ்டேஜ் வாரதுக்குள்ள டிக்கெட் போட்டு முடிக்கணும்னு முன்னயும் பின்னயும் நடந்துக்கிட்டேதான இருக்காரு?"

சாக்பீஸைக் கீழே வைத்தேன். பாடம் அதோடு நின்றுபோனது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கால் உள்ளே போகவில்லை. வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"போவாண்டாம், உக்காருங்க," என்றேன். "பஸ்ஸுக்குள்ளயே மைல் கணக்கா நடக்கீங்க. அத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

"அது வேலைல்லா. அதப் போயி யாரு நடக்கதுன்னு சொல்லுவா?" என்றார். பிறகு, குறையாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவராக, "நீயும் பக்கத்துலதான இருந்த?" என்றார்.