கற்பூரமும் பெட்ரோல் டேங்கும்

மாமனார் ஓட்டிய அம்பாசடர் எங்கள் ஆம்பூர் வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் போன பிறகும் வெள்ளிதோறும் அத்தை அதற்குக் கற்பூரம் காட்டுவார்.

போன வாரம் டேங்க் கசிந்தது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் கணவர், தோல் துண்டு ஒன்றை ஷூ ஒட்டும் சொல்யூஷன் போட்டு ஒட்டினார். எங்கள் ஊரில் எதையும் அப்படித்தான் ஒட்டுவோம். பெட்ரோல் அந்தப் பசையைக் கரைத்துவிட்டது.

இன்று காலை டியூட்டி முடிந்து வந்து கேட்டைத் திறந்ததுமே வாடை. வண்டிக்குப் பின்னால் தரை நனைந்திருந்தது. அங்கேயே நின்று அத்தை தீப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

நான் தீக்காய வார்டில் நர்ஸ். ஓடிப்போய் அவர் கையோடு சேர்த்துத் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பண்ற, வெள்ளிக்கிழமை அதுவுமா?"

"பெட்ரோல் ஒழுவுது அத்தை."

"டேங்க பத்த வைக்கணும்னு நேத்து வந்து பாத்த மெக்கானிக்கே சொன்னானே. அவன் வைக்கலாம், நான் வைக்கக் கூடாதா?"

"அவரு டேங்க கழட்டி, தண்ணி ஊத்திக் கழுவி, வாடை போன பிறகுதான் வெல்டிங் வைப்பாரு. இவ்ளோ வாடை உங்களுக்குத் தெரியலையா?"

அத்தை தீப்பெட்டியை மூடி என் கையில் வைத்தார்.

"அவரு போனாரே, அதே கொரோனாவுல எனக்கு மூக்கும் போய்டுச்சும்மா."

இத்தனை வருஷமாக எங்களிடம் சொன்னதில்லை.

மெக்கானிக் வரும்வரை கசிவில் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தோம். அத்தை அந்தச் சோப்புக்கும் குங்குமம் வைத்துவிட்டார்.

கற்பூரத்துக்குப் பதிலாக வண்டிக்கு என்ன காட்டலாம்? அடுத்த வெள்ளிக்குள் யாராவது சொல்லுங்கள்.