மூட மறுத்த கண்

இரண்டு நாளாக என் இடது கண் மூடவே இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் இமை பாதியில் நின்றது. வாயும் வலப்பக்கம் கோணிவிட்டது. பொட்டுத் தூக்கமில்லை. என் இரண்டு வயது மகள் என் முகத்தைப் பார்த்து அலறி, அவள் அப்பாவிடம் ஓடினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அது 1991ஆம் வருடம். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்ரீபெரும்புதூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஜன்னல் வழியே புழுதிக் காற்று கண்ணில் அறைந்தது. முந்தானையால் கண்ணை மறைப்பதும் எடுப்பதுமாகத் தவித்தேன். பக்கவாதமோ, இனி இப்படியேதானோ என்று மனம் அடித்துக்கொண்டது.

பக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, கண்ணு மூட மாட்டேங்குதா?"

பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. இப்டி சாஞ்சிக்கோ."

என் தலையைத் தோளில் சாய்த்து, இமையை விரலால் மெல்ல இறக்கி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

விழித்தபோது பஸ் காஞ்சிபுரத்தில் நின்றது. அவர் கை என் கண்மேலேயே இருந்தது.

"நீங்களும் இங்கதான் வந்தீங்களா?"

"இல்லம்மா, சுங்குவார்சத்திரத்துலயே எறங்கியிருக்கணும். கைய எடுத்தா நீ முழிச்சிக்குவியேன்னு வந்துட்டேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ்ஸைத் தேடிப் போய்விட்டார்.

பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சில வாரங்களில் கண் மூடியது. மகளும் மடிக்கு வந்தாள்.

இப்போதும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் யாராவது என் தோளில் தூங்கி விழுந்தால், நான் அசைவதில்லை.