பதின்மூன்றாவது கோடு

ஜெகன் அண்ணை பொய் சொன்னார். பொலிசுக்குச் சொன்னார், குகனின் மனைவி சுமதிக்குச் சொன்னார், எனக்கும் சொன்னார். இதை எழுதுவதால் கோயிலில் ஒருவரும் என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிறவன் நான். மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாகத் துப்புரவு வேலை. பிரேத அறையையும் நான்தான் கழுவுகிறேன், அங்கே எவரும் எழும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. இனி நான் சொல்லப்போவதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

குகன் என் கூட்டாளி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே பிரெஞ்சு வகுப்பில் இருந்தோம். அவன் பத்து வரை பிரெஞ்சில் எண்ணுவான், பதினொன்றிலிருந்து தமிழுக்கு மாறிவிடுவான். கேட்டால், "பத்துக்கு மேல எண்ணுறதுக்கு என்னட்ட என்ன மச்சான் கிடக்கு?" என்பான். கடைசிவரை திருந்தவில்லை.

மான் வேட்டையை அவனுக்குப் பழக்கியவர் ஜெகன் அண்ணை. இந்த முறை வேட்டைக் காலத்தில் கந்தசஷ்டியும் வந்தது. சுமதிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான், வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. அந்த நாளில் துவக்கோடு காட்டுக்குப் போகிறேன் என்று எந்தப் புருஷன் சொல்வான்? ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் விடிய ஜெகன் அண்ணையோடு வடக்கு மலைக்குப் போனான். எனக்கு மட்டும் தெரியும்.

அன்று மத்தியானம் புயல். ஈரப்பனியும் காற்றும் சேர்ந்து மரங்களை முறித்துப் போட்டன. ஜெகன் அண்ணை வாகனத்துக்குத் திரும்பி வந்தார், குகன் வரவில்லை. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு அவர் மொன்றியலுக்கு வந்துவிட்டார். ஏனென்றால் அடுத்த நாள் சூரன்போர், அது அவருடைய உபயம், அன்றைய செலவு முழுக்க அவர். உபயகாரர் விரத நாளில் மான் சுடப் போனார் என்று ஊர் கதைக்கக் கூடாதாம்.

பின்னேரம் சுமதி எனக்கு ஃபோன் எடுத்தாள். நான் ஜெகன் அண்ணைக்கு எடுத்தேன்.

"அவன் அங்க ஒரு மரவீட்டில இருக்கிறான்டா. பனி விட வருவான். நீ வாயைத் திறந்து ஒரு குடும்பத்தைக் குழப்பாத."

நான் சுமதியிடம், "ஓவர்டைம்தான் தங்கச்சி, ஃபோனில சார்ஜ் இருக்காது," என்றேன். அந்தப் பொய் என்னுடையது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த நாள் ஜெகன் அண்ணை பட்டு வேட்டியும் மாலையுமாக நின்று காளாஞ்சி மரியாதை வாங்கினார். சூரன் விழுந்து, பூசை முடிந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் பொலிசுக்கு ஃபோன் அடித்தார்.

குகன் காணாமல் போன மூன்றாம் நாள் காலை நானும் தேடப் போனேன். நாங்கள் பன்னிரண்டு பேர். டெனிஸ் என்ற உள்ளூர்ப் பெண்தான் தலைவி. எல்லோரும் ஒரே வரிசையில் இடைவெளி விட்டு நடக்கவேண்டும். அவள் விசில் ஊதினால் நின்று, இடப்பக்கமிருந்து ஒவ்வொருவராக நம்பரைக் கத்தவேண்டும். கேட்கிற குரலுக்கு ஒரு கோடாக அவள் அட்டையில் போடுவாள், தேடப் போனவர்களில் ஒருவரும் தொலையக் கூடாது என்பதற்கு. வலப்பக்கக் கடைசி ஆள் நான், பன்னிரண்டு. எனக்கு அப்பால் ஏரி மட்டும்தான். ஏரிக்கு வடக்கே பிரிந்தோம் என்று ஜெகன் அண்ணை பொலிசுக்கும் சுமதிக்கும் சொன்னதால் வடக்கே தேடினோம்.

பதினொரு மணி இருக்கும். விசில் கேட்டது, நம்பர்கள் வந்தன, நான் பன்னிரண்டைப் பிரெஞ்சில் "தூஸ்" என்று கத்தினேன்.

ஏரிப் பக்கமிருந்து, "பதின்மூண்டு" என்று கேட்டது.

கத்தல் இல்லை. வகுப்பில் எழும்பி நின்று சொல்வதுபோல, கொஞ்சம் வெட்கத்தோடு. குகனின் குரல்.

டெனிஸுக்கும் அது கேட்டிருக்கிறது. ஓடி வந்து, யார் அது, என்ன மொழி என்றாள். சொன்னேன். வாகனத்தடியில் நின்ற ஜெகன் அண்ணையைக் கூப்பிட்டு, ஏரிக்குத் தெற்கே போனீர்களா என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"காத்தடா அது. உனக்கு நித்திரை இல்லை. தெற்கால நாங்கள் காலே வைக்கேல்லை எண்டு அவளுக்குச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் நல்ல பிரெஞ்சு வருமே."

அவர் வாகனத்தடிக்கே திரும்பி நடந்தார். அதைப் பார்த்த டெனிஸ் வரிசையைத் தெற்கே திருப்பினாள்.

அங்கே யாரோ ஒருவரின் சொந்தக் காணி, வேட்டை தடை என்று பலகை அடித்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் மரத்தில் ஒரு பரண். பரணுக்குக் கீழே குகன், கால் முறிந்து, மரத்தில் சாய்ந்தபடி. பக்கத்தில் ஜெகன் அண்ணையின் பிளாஸ்க், அவருடைய பெயர் எழுதியது.

புயலடித்த இரவு விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று பின்னேரமே சொல்லியிருந்தால் போதும். அப்படியென்றால் நாங்கள் குரல் கேட்டபோது அவன் இறந்து ஒரு நாளுக்கு மேல்.

திரும்பும்போது டெனிஸ் மறுபடி எண்ணினாள். நான் "தூஸ்" என்றேன். அவள் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

பிறகு வாகனத்தில் வைத்து அந்த அட்டையை என்னிடம் நீட்டினாள். கடைசி வரியில் பன்னிரண்டு கோடு. அதற்கு மேலே, காலை முதல் எண்ணிக்கையிலிருந்து, ஒவ்வொரு வரியிலும் பதின்மூன்று. அவள் தன்னையறியாமல் போட்டிருக்கிறாள். காலை முழுக்க அவன் எனக்குப் பக்கத்தில் நடந்து ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறான், எனக்கு ஒரு முறைதான் கேட்டது. அட்டையின் படம் என் ஃபோனில் இருக்கிறது. இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

விரதத்தில் துவக்குத் தூக்கியதற்கு முருகன் தண்டித்துவிட்டார் என்று சுமதி நம்புகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. முருகன் ஒன்றும் செய்யவில்லை, சுமதி.

ஜெகன் அண்ணை, குகனின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மண்டபத்தில் எல்லோரும் இருப்பார்கள். மைக்கைப் பிடித்து இரங்கல் உரை வாசிக்காதீர்கள். காட்டைவிட்டு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்கள், பொலிசுக்கு எத்தனை மணிக்கு அடித்தீர்கள். இந்த இரண்டையும் சுமதிக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.