அக்னி நட்சத்திரத்தில் காவிரிக் கரை ஓட்டம்

மே மாதம் வந்தால் எங்கள் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் காலணியைப் பரணில் போட்டுவிடுவார்கள். ஜூன் கடைசியில் மறுபடி ஆரம்பிக்கும்போது மூச்சு பழைய நிலைக்கு வரவே ஒன்றரை மாதம் பிடிக்கும். இந்த வருடம் எனக்கு அப்படி விட முடியவில்லை. ஆகஸ்டில் என் முதல் அரை மாரத்தான், இருபத்தோரு கிலோமீட்டர். சென்னையிலோ விடியற்காலை நாலரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

"எங்க ஊருக்கு வந்துடு கவி. ஆத்துக்கரை ரோடு முழுக்க மரம். மே மாசத்தை அங்கேயே ஓட்டிடலாம்" என்றார் ஜெசி அக்கா. ஜெசிந்தா என்பது முழுப்பெயர். சென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று, என்னைவிட ஏழு வயது மூத்தவர். மூன்று வருடம் முன்பு, பேருந்தைப் பிடிக்க ஓடினாலே இரைத்துக்கொண்டிருந்த என்னைக் கடற்கரைச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போய் ஓட வைத்தவர் அவர்தான். அவருக்குக் கோடை விடுமுறை. எனக்கு மடிக்கணினி இருக்கும் இடம்தான் அலுவலகம். மே இரண்டாம் வாரம் கிளம்பிவிட்டோம்.

எழும்பூரிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடிவதற்குள் தஞ்சாவூர். அங்கிருந்து கண்டியூர் வழியாகத் திருக்காட்டுப்பள்ளி போகும் பேருந்து. நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று பாலத்துக்கு மேல் பாலமாக வண்டி ஏறி இறங்கியது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும் என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஆறுதாங்க. தண்ணிதான் எந்தப் பக்கமும் இல்ல" என்றார் அவர், டிக்கெட்டைக் கிழித்தபடி.

மேட்டூர் அணையைத் திறந்துவிட இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதுவரை காவிரி வெறும் மணல்தான். ஆனால் அந்த மணலை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. சூரியன் வருவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் அது பால் கொட்டி உறைந்தது மாதிரி கிடக்கும். அக்கரை மரங்கள் தெரியும், மரங்களுக்கும் நமக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே ஓடுவது ஓடுகிற மாதிரியே இல்லை. நாம் நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருக்க, கரைதான் பின்னால் நகர்கிறது என்று தோன்றும்.

அக்காவின் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. வீட்டில் அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பா ஆரோக்கியம், அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் குட்டைக் கால்சட்டையைப் பார்த்து முதல் நாள் கொஞ்சம் தொண்டையைச் செருமினார். இரண்டாம் நாள் வாசல் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்.

நாலரைக்கு எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு வாழைப்பழம். நாலே முக்காலுக்குச் சாலையில் இருப்போம். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் வாழைத்தோட்டம். இரவில் தண்ணீர் பாய்ச்சிய தோட்டம் என்றால் அதைக் கடக்கும்போது இடது தோள் மட்டும் குளிரும். உளுந்து எடுத்த வயல்களில் காய்ந்த செடியின் வாசம். தூரத்தில் மாதா கோயில் மணி அடிக்கும், அது அடங்குவதற்குள் இன்னோர் ஊரிலிருந்து அம்மன் பாட்டு கிளம்பும். மயில்கள் சாலையைக் கடக்க அவசரமே படாது, நாம்தான் நிற்க வேண்டும். ஐந்தே முக்காலுக்குள் எட்டு கிலோமீட்டர் முடித்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் உடம்பு பாதி இன்னும் தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அந்த முதல் ஐந்து நாட்களை நினைத்தால் இப்போதும் கனவில் ஓடியதாகத்தான் ஞாபகம் வருகிறது.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னையில் அக்கா எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் ஓடுவார். இங்கே பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். பேசிக்கொண்டே ஓடலாம் என்று அவர் விரும்புகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நீண்ட ஓட்டம், பதினெட்டு கிலோமீட்டர் என்று திட்டம். வெள்ளி இரவு கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்தும் காற்றில்லை, கொசு தூங்கவிடவில்லை. கண் அசந்து எழுந்தபோது வெயில் வந்துவிட்டது. இன்று வேண்டாம், நாளை போகலாமா என்று கேட்டேன். நாளை ஞாயிறு, பூசைக்குப் போக வேண்டும், திட்டத்தில் ஒன்றை விட்டால் எல்லாம் சரியும் என்றார் அக்கா. கிளம்பும்போது மணி ஏழே கால்.

ஒன்பது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது மர நிழல் நீளமாகச் சாலையில் விழுந்திருந்தது. திரும்பும்போது நிழலெல்லாம் மரத்தடிக்குச் சுருங்கிவிட்டது. பதின்மூன்றாவது கிலோமீட்டர் அளவில் மரங்களே இல்லாத ஒரு நீண்ட பகுதி. தார் காலணியின் அடியைச் சுட்டது. நடக்கலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். அக்கா வேகத்தைக் கூட்டினார். அவர் கையில் வைத்திருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

சிறிது நேரத்தில் அவர் நேர்க்கோட்டில் ஓடாமல், சாலையின் ஓரத்துக்கும் நடுவுக்குமாகப் போய்வரத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். அந்த வெயிலில் எனக்கு ஊற்றிக்கொண்டிருந்த வியர்வை அவர் முகத்தில் இல்லை. கையில் மயிர் சிலிர்த்து நின்றிருந்தது.

ஆற்றுப் பக்கம் கையை நீட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார். "கவி, தண்ணி வந்துடுச்சு பாரு. கரை தொட்டுப் போவுது."

நானும் திரும்பிப் பார்த்தேன். மணல்மேல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு கணம் எனக்கும் அது தண்ணீராகத்தான் தெரிந்தது, அவ்வளவு அழகாக, அகலமாக, ஓசையில்லாமல். அப்புறம்தான் அவர் அதை நிஜமென்றே நம்புகிறார் என்று புரிந்தது.

நிற்கச் சொன்னேன். நிற்கவில்லை. முன்னால் போய்க் குறுக்கே நின்று இரண்டு தோள்களையும் பிடித்தேன். மூன்று வருடத்தில் அவரை "அக்கா, வாங்க, போங்க" என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அன்று வந்தது வேறு.

"ஜெசி, நில்லு."

அவர் நின்றார். நின்றதும் முழங்கால் மடங்கியது.

சாலைக்கு வலப்பக்கம் ஒரு வயல் தள்ளி போர் செட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நோக்கி, பாதி நடத்தியும் பாதி இழுத்தும் கொண்டு போனேன். தொட்டியடியில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவின் இன்னொரு கையைப் பிடித்தார். செல்வி என்று பிறகு பெயர் தெரிந்தது.

"ஆரோக்கியம் சார் மவள்ல இது? என்னாச்சும்மா?"

வெயில் தாக்கிவிட்டது, உடனே தண்ணீரில் இறக்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் குழுவுக்கு இதைப் பாடமாக எடுப்பவர் ஜெசி அக்காதான். பேச்சு குழறினால் காத்திருக்காதே, முதலில் உடம்பைக் குளிரவை, பிறகு வண்டியைக் கூப்பிடு. அவர் சொல்லிக்கொடுத்ததை அவருக்கே செய்தோம். கழுத்தளவுத் தொட்டியில் நானும் இறங்கி, தலை முங்காமல் அக்காவை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். செல்வி குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய போனிலிருந்து நூற்றியெட்டுக்குச் சொன்னோம். வண்டி வரும்வரை மோட்டாரின் ஓசையும், தண்ணீர் விழுவதும், மேலே ஒரு தென்னை மட்டை ஆடுவதும் மட்டும்தான் உலகத்தில் இருந்தன. அவர் முதுகுச் சூடு என் மேல் இறங்குவது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்தது. ஒரு கட்டத்தில் அக்கா என் விரலை அழுத்தி, தன் காலணி எங்கே என்று கேட்டார். காலிலேயே இருந்தது. நினைவு திரும்புகிறது என்று தெரிய அந்தக் கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் சலைன் ஏறியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் கதை வேறு என்றார் மருத்துவர். பத்து நாளைக்கு ஓட்டமே கூடாது, பிறகு நடையிலிருந்து தொடங்கச் சொன்னார். ஆரோக்கியம் சார் யாரையும் திட்டவில்லை. எங்கள் இரண்டு ஜோடிக் காலணியையும் கழுவி, நிழலில் காயவைத்திருந்தார்.

அடுத்த இரண்டு நாள் அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், அதோடு சரி. வெயில் பகலில் அந்த வீட்டில் எல்லோரும் படுத்துவிடுவார்கள். சன்னலில் நனைத்த சாக்கு தொங்கும், மின்விசிறி சுற்றும், நேரம் எங்கேயும் போகாது. நான் திண்டாடிக்கொண்டு கிடந்தேன். ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவரைப் பெயர் சொல்லி அதட்டியது தப்பாகிவிட்டதோ என்று ஒரு பக்கம் அரித்தது.

மூன்றாம் நாள் மாலை, வாழைத்தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தபோது அவராகவே சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"எட்டு கிலோமீட்டர்லயே தலை சுத்துச்சு கவி. தெரியும் எனக்கு. ஆனா உன் மூச்சுச் சத்தமே கேக்கல. எனக்கு மட்டும் இரைச்சுது. அதான் நிறுத்தல."

பக்கத்தில் பக்கத்தில் ஓடிய அந்த ஐந்து காலைகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவர் வேகத்தைக் குறைத்து என்னோடு வரவில்லை. அதுதான் அவருடைய முழு வேகம்.

"சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றேன்.

"இப்பதான் சொல்றேனே" என்றவர், உரித்த நுங்கை என் கையில் வைத்தார். வாய்க்காலில் போர் செட் தண்ணீர் திரும்பி எங்கள் கால்களுக்கு வந்தது. இருட்டும்வரை காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது என் வேகம் இப்போது எவ்வளவு என்று விசாரித்தார். சொன்னேன். வாத்தியார் மகளுக்கே உரிய முறையில் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, அரை மாரத்தானை இரண்டேகால் மணி நேரத்தில் முடித்துவிடுவாய் என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

மீதி நாட்களில் நான் தனியாக ஓடினேன். இதே மாதிரி கோடையில் டெல்டாப் பக்கம் பயிற்சிக்கு வர நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆறு மணிக்குள் ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். தூங்கிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், ஒரு நாளில் பயிற்சி கெட்டுப்போகாது. சரியாகத் தூங்காத இரவுக்கு அடுத்த நாள் நீண்ட ஓட்டம் வேண்டவே வேண்டாம். கடிகாரத்தில் வேகம் பார்க்காதீர்கள். முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் நடங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பொட்டலம் இரண்டு இடுப்புப் பையில் இருக்கட்டும். போகிற வழியில் போர் செட் எங்கெங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களுக்கு முகம் தெரியும்படி டீக்கடையில் உட்காருங்கள். தங்க இடம் வேண்டுமென்றால் திருவையாற்றிலோ தஞ்சாவூரிலோதான் விடுதி கிடைக்கும். நாய்கள் உண்டு, குனிந்தாலே போய்விடும். வியர்ப்பது நின்றாலோ குளிர்வதுபோல் இருந்தாலோ அந்த இடத்திலேயே நில்லுங்கள். கூட ஓடுபவர் நிற்க மறுத்தால், அவர் யாராக இருந்தாலும் நிறுத்துங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன பத்து நாள் முடிந்திருந்தது. அக்கா காலணி மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கரைமேல் ஏறியதும், நீ போ, நான் நடந்து வருகிறேன் என்றார். தயங்கினேன். முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளிவிட்டார்.

ஓடினேன். அக்காவோடு கிளம்பிய ஓட்டங்களில், மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் சொந்த வேகத்தில். மணல் நீலமாக இருந்தது, பிறகு சாம்பலாக, பிறகு வெள்ளையாக. எங்கும் யாரும் இல்லை. கால் தரையில் படும் ஓசைகூட யாரோ தூரத்தில் ஓடுவதுபோல் கேட்டது. வழக்கமாகத் திரும்பும் ஆற்றுப் பாலத்தைத் தொட்டுத் திரும்பி, பாதி வழியில் ஒரு மருத மரத்தடியில் நின்றேன்.

நெடுநேரம் கழித்து வளைவில் ஒரு சின்னப் புள்ளியாக அக்கா தெரிந்தார். நடக்கிறாரா, மெதுவாக ஓடுகிறாரா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின்னால் கிழக்கு சிவந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். அவரும் காட்டினார்.

என்னைப் பார்த்த பிறகும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, தன் போக்கில் வந்துகொண்டிருந்தார். நான் மரத்தில் சாய்ந்து காத்திருந்தேன்.